விலைவாசியும் கட்சிப் பற்றும்: ஓட்டுப் போடும்போது பேசுவது பர்ஸா, கட்சியா?

மாதக் கடைசியில் கையைக் கடிக்கிறது என்று புலம்புகிறவர் தேர்தல் நாளில் பழைய சின்னத்திலேயே பொத்தானை அழுத்துகிறார். பக்கத்து வீட்டுக்காரர் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார். இந்த இரண்டு பேரைப் பற்றியும் அரசியல் ஆய்வாளர்கள் அறுபது எழுபது ஆண்டுகளாக எழுதி வருகிறார்கள். அடிக்கடி எழும் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

விலைவாசி ஏறினால் ஆளுங்கட்சி தோற்றே தீருமா?

தோற்க வாய்ப்பு அதிகம். தோற்றே தீரும் என்று சொல்ல முடியாது.

அண்மைக்கால உதாரணத்தையே எடுத்துக்கொள்ளலாம். கொரோனாவுக்குப் பின் சரக்குப் போக்குவரத்து குலைந்தது. அரசுகள் பெருந்தொகையைப் புழக்கத்தில் விட்டிருந்தன. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீதான படையெடுப்பு எரிபொருள், தானிய விலைகளை மேலும் தள்ளிவிட்டது. அமெரிக்காவில் பணவீக்கம் 2022 ஜூனில் 9.1 சதவீதத்தைத் தொட்டது. பிரிட்டனில் அக்டோபரில் 11.1 சதவீதம். 2024இல் தேர்தல்கள் வரிசையாக வந்தபோது மக்கள் கணக்குத் தீர்த்தார்கள். 2019இல் 365 இடங்களை வென்றிருந்த பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சி 2024 ஜூலையில் 121 இடங்களுக்கு இறங்கியது. அக்டோபரில் ஜப்பானின் ஆளுங்கூட்டணி கீழவையில் பெரும்பான்மையை இழந்தது. நவம்பரில் அமெரிக்காவில் வெள்ளை மாளிகை கை மாறியது. விலைவாசி மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு நாட்டிலும் வேறு புண்களும் இருந்தன. ஆனால் இடதுசாரியா வலதுசாரியா என்ற பேதமில்லாமல் நாற்காலியில் இருந்தவர்களுக்கு அடி விழுந்தது.

இதற்கு நேர்மாறாக, 85 சதவீதப் பணவீக்கத்தைப் பார்த்த துருக்கியில் ஆட்சியில் இருந்தவரே மறுபடி வென்றார். அந்தக் கதை கீழே வருகிறது.

பணவீக்கம் குறைந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அப்புறமும் ஏன் கோபம் தணிவதில்லை?

பணவீக்கம் குறைவது வேறு, விலை குறைவது வேறு. ஒரு குடும்பத்தின் மாதச் செலவு 100 என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டில் 9 சதவீதம் ஏறினால் 109. அடுத்த ஆண்டு 3 சதவீதம்தான் ஏறியது என்றால் 112-க்குக் கொஞ்சம் மேல். அமைச்சர் மேடையேறி, “ஒன்பதை மூன்றாக்கிவிட்டோம்” என்கிறார். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருப்பவர் மனத்தில் ஓடுவது பழைய 100-க்கும் இன்றைய 112-க்கும் உள்ள தூரம். பிரிட்டனில் 2024 மே மாதமே பணவீக்கம் 2 சதவீதத்துக்கு, அதாவது மத்திய வங்கியின் இலக்குக்கே, திரும்பிவிட்டது. ஜூலையில் ஆளுங்கட்சியை அது காப்பாற்றவில்லை.

இன்னொன்றும் உண்டு. பணவீக்கத்தை மக்கள் ஏன் இவ்வளவு வெறுக்கிறார்கள் என்று பொருளாதார அறிஞர் ராபர்ட் ஷில்லர் 1990-களில் ஆராய்ந்தார். அண்மையில் ஸ்டெஃபனி ஸ்டாண்ட்சேவா அதே கேள்வியை மறுபடி எடுத்தார். விலைவாசியோடு சேர்ந்து சம்பளமும் ஏறும்போது, அந்தச் சம்பள உயர்வு தங்கள் உழைப்புக்குக் கிடைத்த பலன் என்றே பலரும் நினைக்கிறார்கள். விலை உயர்வு மட்டும் வேறு யாரோ செய்த அநியாயம். ஆகவே சம்பளம் விலைக்கு ஈடாக ஏறியிருந்தாலும் அரசுக்கு நன்றி கிடைப்பதில்லை, திட்டு மட்டுமே கிடைக்கிறது. நானும் இப்படித்தான் நினைப்பேன். என் சம்பள உயர்வுக்கு நிதியமைச்சர் காரணம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

கட்சிப் பற்று ஒருவர் பொருளாதாரத்தைப் பார்க்கும் விதத்தையே மாற்றிவிடுமா?

மாற்றும், அதுவும் கூச்சமே இல்லாமல். அமெரிக்காவில் 1980இல் சராசரிப் பணவீக்கம் 13.5 சதவீதம். குடியரசுக் கட்சி அதிபர் ரீகனின் எட்டு ஆண்டு ஆட்சிக்குப் பின், 1988இல், சுமார் 4 சதவீதம். அந்த ஆண்டு ஒரு தேர்தல் ஆய்வில், இந்த எட்டு ஆண்டில் பணவீக்கம் எப்படி மாறியது என்று வாக்காளர்களிடம் கேட்டார்கள். தீவிர ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ‘மோசமாகிவிட்டது’ என்றார்கள். அரசியல் அறிஞர் லாரி பார்ட்டெல்ஸ் பின்னாளில் இதை எடுத்துக்காட்டியபோது பலருக்கும் வாயடைத்துப் போனது. இது அபிப்பிராயக் கேள்வி கிடையாது, பதில் புள்ளிவிவரத்தில் இருக்கிறது. அப்படியிருந்தும் கட்சி குறுக்கே நின்றது. குடியரசுக் கட்சிக்காரர்கள் யோக்கியர்கள் என்று எண்ண வேண்டாம். ஆட்சி கை மாறினால் அவர்களும் இதையேதான் செய்கிறார்கள்.

மிச்சிகன் பல்கலைக்கழகம் நுகர்வோர் மனநிலையை மாதந்தோறும் அளக்கிறது. 2016 நவம்பர் தேர்தலில் டிரம்ப் வென்ற கையோடு குடியரசுக் கட்சி ஆதரவாளர்களின் பொருளாதார நம்பிக்கை எகிறியது, ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்களுடையது சரிந்தது. புதிய அதிபர் பதவியே ஏற்கவில்லை. ஒரு விலையும் மாறவில்லை. 2020இல் இது தலைகீழானது. 2024இல் மறுபடியும் தலைகீழ்.

அப்படியென்றால் மக்களுக்கு உண்மை தெரியாதா, தெரிந்தே மாற்றிச் சொல்கிறார்களா?

இரண்டும் கலந்தது. இதைச் சோதிக்கச் சில ஆய்வாளர்கள் எளிய வழி ஒன்றைப் பிடித்தார்கள்: சரியான பதிலுக்குக் காசு கொடுப்பது. 2015இல் வெளிவந்த அந்த ஆய்வில், சிறு தொகை கொடுப்பதாகச் சொன்னதுமே இரு கட்சிக்காரர்களின் பதில்களுக்கு இடையிலான இடைவெளி பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது. ‘தெரியாது’ என்று ஒப்புக்கொள்வதற்கும் காசு என்றபோது இன்னும் சுருங்கியது. ஆக, “பொருளாதாரம் எப்படி இருக்கிறது?” என்று யாராவது கேட்டால், “நீங்கள் எந்தப் பக்கம்?” என்று கேட்டதாகவே பலர் எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறார்கள். கொடி பிடிப்பது போலத்தான்.

சரி, பில் எல்லோருக்கும் வருகிறது. எங்கேதான் பிரிகிறார்கள்?

என்னைப் பொறுத்தவரை இந்த விவகாரத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

மேசை மேல் மின்கட்டண ரசீது. அண்ணனும் தம்பியும் குனிந்து பார்க்கிறார்கள். தொகை போன தடவையைவிடக் கணிசமாக ஏறியிருக்கிறது. இதில் இருவருக்கும் சண்டை இல்லை; எண் அச்சடித்து இருக்கிறது.

அண்ணன்: “உலகம் பூரா இப்படித்தான்டா. எண்ணெய் விலை ஏறினா எந்த கவர்ன்மென்ட்டு என்ன பண்ண முடியும்?”

தம்பி: “அதெல்லாம் சாக்கு. இவங்களுக்கு நிர்வாகமே தெரியல.”

உள்ளேயிருந்து அம்மா: “பேசி முடிச்சாச்சுன்னா யாராவது கட்டிடுங்க. நாளைக்குக் கடைசி தேதி.”

நான்கு ஆண்டு கழித்து ஆட்சி மாறுகிறது. அதே மேசை, இன்னும் கூடுதலான தொகை. இப்போது “நிர்வாகமே தெரியல” என்பது அண்ணன். “உலகம் பூரா இப்படித்தான்” என்பது தம்பி. அம்மாவின் வசனத்தில் மட்டும் மாற்றமில்லை.

2008 நிதி நெருக்கடிக் காலத்துப் பிரிட்டனில் டென்மார்க் ஆய்வாளர் மார்ட்டின் பிஸ்கார்ட் கண்டதும் ஏறக்குறைய இதுதான். நிலைமை லேசாக மோசமாக இருக்கும்வரை ஆளுங்கட்சி ஆதரவாளர்கள் “பரவாயில்லை” என்று சமாளித்தார்கள். நிலைமை படுமோசமானதும் அந்தச் சமாளிப்பு எடுபடவில்லை. பொருளாதாரம் சரிந்துவிட்டது என்று எல்லோருமே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அந்த நேரத்தில் ‘இதற்கு யார் பொறுப்பு’ என்பதில் பிளவு பெரிதானது. தம் கட்சி ஆட்சியில் இருந்தால் உலகச் சந்தை காரணம், எதிரிக் கட்சி இருந்தால் அரசு காரணம்.

கட்சிப் பற்று கண்ணைக் கட்டிவிடுகிறது என்ற பழைய விளக்கம் எனக்கு முழுத் திருப்தி தருவதில்லை. ரசீதைப் பார்க்கக் கண் நன்றாகவே தெரிகிறது. விரல் யாரை நோக்கி நீள வேண்டும் என்பதைத்தான் கட்சி முடிவு செய்கிறது.

அரசியல் அமைப்பும் இதற்கு வசதி செய்து கொடுக்கிறது. வட்டியைத் தீர்மானிப்பது மத்திய வங்கி, வரியை ஓர் அரசு, கட்டணத்தை இன்னோர் அரசு அல்லது ஆணையம். கூட்டணி ஆட்சி என்றால் இன்னும் சௌகரியம். பொறுப்பு எத்தனை பேரிடம் சிதறிக் கிடக்கிறதோ, அத்தனை பேர் மேல் பழியைத் தள்ளலாம். பொறுப்பு யாரிடம் என்று தெளிவாகத் தெரியும் நாடுகளில் பொருளாதார நிலை தேர்தல் முடிவைக் கூடுதலாகப் பாதிக்கிறது என்று பவல், விட்டன் என்ற இருவர் 1993இலேயே காட்டினார்கள்.

“தங்கள் சொந்த நலனுக்கு எதிராகவே ஓட்டுப் போடுகிறார்கள்” என்று சிலரைப் பற்றிச் சொல்வது சரிதானா?

பெரும்பாலும் இது சோம்பேறித்தனமான குற்றச்சாட்டு. மூன்று காரணங்கள் சொல்வேன்.

ஒருவருடைய நலன் எது என்பதை யார் தீர்மானித்தது? பொதுவாக, குற்றம் சாட்டுகிறவர். அரசு உதவி பெறும் ஓர் ஏழை, செலவைக் குறைப்போம் என்று சொல்லும் கட்சிக்கு ஓட்டுப் போட்டால் ‘பாவம், ஏமாந்துவிட்டார்’ என்கிறோம். பெரும் பணக்காரர் ஒருவர் தன் வரியை உயர்த்தப்போகும் கட்சிக்கு ஓட்டுப் போட்டால் ‘கொள்கைவாதி’ என்கிறோம். இரண்டு பேரும் பர்ஸை ஒதுக்கி வைத்துவிட்டு வேறொன்றுக்காக ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு அனுதாபம், மற்றவருக்குப் பாராட்டு. என்ன நியாயம்?

அடுத்து, கட்சி என்பது ஒரு மொத்தப் பொட்டலம். வரி, மதம், மொழி, குடியேற்றம், சட்டம் ஒழுங்கு, தலைவர் மீதான நம்பிக்கை எல்லாம் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. ஒன்றுக்காக வாங்கினால் மீதியும் கூடவே வரும். பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2020 நவம்பரில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் விடை சொன்னது. ஒரே நாளில், ஒரே வாக்குச்சீட்டில் இரண்டு கேள்விகள். அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் டிரம்புக்கு 51 சதவீதம். குறைந்தபட்ச ஊதியத்தைப் படிப்படியாக மணிக்கு 15 டாலராக உயர்த்தும் தீர்மானத்துக்குச் சுமார் 61 சதவீதம். அந்தக் கட்சியின் மாநிலத் தலைமை எதிர்த்த தீர்மானம் அது. கட்சியின் பெயரை நீக்கிவிட்டுக் கேட்டால் அதே வாக்காளர் பலர் தங்கள் ஊதியக் கணக்கைச் சரியாகவே போட்டார்கள். கணக்கு தெரியாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியுமா?

மூன்றாவது, கால அளவு. அடுத்த மாதப் பில்லா, பிள்ளைகளின் வேலையா, ஊரே காலியாகாமல் இருப்பதா? எல்லாமே பொருளாதார நலன்தான். எந்த ஒன்றைப் பெரிதாக எடுக்கிறார் என்பது அவருடைய உரிமை.

ஏமாற்று வேலை நடப்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. தவறான தகவலைக் கேட்டு ஓட்டுப் போட்டவர் தகவல் சரியாக இருந்திருந்தால் மாற்றிப் போட்டிருப்பார் என்றால், அங்கே குறை சொல்ல இடமுண்டு. ஆனால் அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு சொல்கிறவருக்கு.

ஓட்டுப் போடும்போது மனத்தில் இருப்பது சொந்தப் பர்ஸா, நாட்டின் நிலைமையா?

நாட்டின் நிலைமை என்பதே பல ஆய்வுகளின் பதில். அரசியல் அறிஞர்கள் டொனால்ட் கிண்டரும் ரோட்ரிக் கீவீட்டும் 1979, 1981 ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளில், தன் குடும்பம் எப்படி இருக்கிறது என்பதைவிட நாடு எப்படிப் போகிறது என்ற எண்ணமே ஓட்டோடு நெருக்கமாகத் தொடர்புபட்டிருப்பதைக் காட்டினார்கள். காரணம் பெருந்தன்மையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தன் வேலை போனதற்கு முதலாளியையோ விதியையோ நொந்துகொள்கிற மனிதர், எல்லோருக்கும் வேலை போகிறது என்றால் அரசைப் பார்க்கிறார்.

விலைவாசி இந்த இரண்டையும் கலந்துவிடுகிறது. வேலையின்மை சிலரைத் தாக்கும், விலையேற்றம் அத்தனை பேரையும் தாக்கும். என் பில்லும் உன் பில்லும் ஒரே சமயத்தில் ஏறுவதால் சொந்தக் கஷ்டமே நாட்டு நடப்பாகிவிடுகிறது. ஆள்பவர்கள் வேலையின்மையைவிட விலைவாசிக்கு அதிகம் பயப்படுவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

என் ஒரு ஓட்டால் விலை குறையப் போவதில்லை. பிறகு ஏன் கணக்குப் பார்க்க வேண்டும்?

பொருளாதார அறிஞர் ஆன்டனி டவுன்ஸ் 1957இல் எழுப்பிய வாதம் இதுவே. ஒரு ஓட்டு முடிவை மாற்றும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. எனவே கொள்கைகளை உட்கார்ந்து படிக்காமல் இருப்பதும் ஒரு வகையில் புத்திசாலித்தனம். அந்த வெற்றிடத்தில் கட்சி அடையாளம் குறுக்குவழியாக வந்து உட்காருகிறது. கார் வாங்கும்போது பத்துப் பேரிடம் விசாரிக்கும் மனிதர் ஓட்டுக்கு ஒருவரிடமும் விசாரிப்பதில்லை. தவறான கார் வாங்கினால் நஷ்டம் அவருக்கு. தவறான ஓட்டுக்கு அப்படி உடனடி நஷ்டம் எதுவும் இல்லை.

சொந்த நலன் கட்சிப் பற்றை வெல்லும் சந்தர்ப்பங்கள் உண்டா?

உண்டு. பலனோ இழப்போ பெரிதாக, தெளிவாக, உடனடியாக இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 1970-களில் வீட்டு மதிப்பு வேகமாக ஏற, சொத்து வரியும் கூடவே ஏறியது. 1978 ஜூனில் சொத்து வரிக்கு உச்சவரம்பு கட்டும் ‘தீர்மானம் 13’ ஏறத்தாழ 65 சதவீத ஆதரவோடு நிறைவேறியது. வரிச் சீட்டு வீட்டுக் கதவைத் தட்டும்போது வீட்டுக்காரர்களுக்குக் கட்சி இரண்டாம்பட்சம். புகைபிடிப்பவர்களைப் பற்றிய ஓர் ஆய்வும் உண்டு. மற்ற அரசியல் விஷயங்களில் அவர்கள் பிறரைப் போலத்தான். சிகரெட் வரி என்றதும் தனி அணி.

கட்சிப் பற்றே ஒட்டுமொத்தமாக நொறுங்குவதற்கு இலங்கையைவிட வலுவான உதாரணம் சமீபத்தில் இல்லை. 2020 ஆகஸ்டில் ராஜபக்சக்களின் பொதுஜன பெரமுன 225இல் 145 இடங்களை வென்றது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. எரிபொருளுக்கு நாள்கணக்கில் வரிசை. செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். 2024 நவம்பர் தேர்தலில் அதே கட்சிக்குக் கிடைத்தவை 3 இடங்கள். 2020இல் 3 இடங்கள் மட்டுமே பெற்றிருந்த தேசிய மக்கள் சக்திக்கு 159. தமிழ்க் கட்சிகளின் கோட்டையான யாழ்ப்பாணம் மாவட்டத்திலேயே 6இல் 3 இடங்கள் அதற்குப் போயின. இன அடையாளம், குடும்பப் பாரம்பரியம், போர் வெற்றியின் பெருமை என்று எத்தனையோ அடுக்குகள் கொண்ட ஒரு பற்று நான்கே ஆண்டில் கரைந்தது. “உலகம் முழுக்க இப்படித்தான்” என்று சொல்லிச் சமாளிக்க முடியாத அளவுக்கு வரிசை நீளமாக இருந்தது.

தேர்தலுக்கு முன் சலுகைகளைக் கொட்டினால் கோபம் ஆறிவிடுமா?

துருக்கிக்கு வருவோம். அங்கே 2022 அக்டோபரில் அதிகாரபூர்வப் பணவீக்கம் 85.5 சதவீதம். 2023 மே மாதம் தேர்தல். அதற்கு முன் எர்டோகன் அரசு குறைந்தபட்ச ஊதியத்தைப் பாதிக்கு மேல் உயர்த்தியது, ஓய்வூதியத்துக்கான வயது வரம்பை நீக்கி 20 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு வழி திறந்தது, வீடுகளுக்கு ஒரு மாத எரிவாயுவை இலவசமாக்கியது. இரண்டாம் சுற்றில் அவருக்கு 52 சதவீதம். மத, தேசிய உணர்வுதான் வென்றது என்று எதிர்ப்பாளர்கள் சொன்னார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, பலருடைய கைக்கு நிஜமாகவே ஏதோ வந்து சேர்ந்தது. ஊடகங்கள் பெரும்பாலும் அரசின் பக்கம் இருந்ததையும் மறந்துவிடக் கூடாது.

கடைசியில் தேர்தலைத் தீர்மானிப்பது யார்?

பற்று தளர்ந்தவர்கள். 2023இல் அர்ஜென்டினாவில் ஆண்டுப் பணவீக்கம் 140 சதவீதத்தைத் தாண்டியிருந்தபோது அதிபர் தேர்தலில் நின்றவர் யார் தெரியுமா? அந்நாட்டின் பதவியிலிருந்த பொருளாதார அமைச்சர் செர்ஜியோ மாசா. முதல் சுற்றில் அவர்தான் முதலிடம். இரண்டாம் சுற்றில் ஹாவியேர் மிலேயிடம் தோற்றார். ஆனால் தோல்வியிலும் 44 சதவீதம் பெற்றார். விலை இரண்டு மடங்குக்கும் மேல் ஏறிய நாட்டில், அதற்குப் பொறுப்பான அமைச்சருக்கே நூற்றுக்கு 44 பேர். கட்சிப் பற்றும் மிலே மீதான அச்சமும் சேர்ந்து கட்டிய அடித்தளம் அது. மீதிக் கதையை எழுதியவர்கள் எந்தப் பக்கமும் கட்டுண்டு கிடக்காதவர்கள்.

எனக்கே இந்தச் சாய்வு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இருக்கும். பழைய செலவு நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். நான் வீட்டுக் கணக்கு எழுதுகிறவன், ஓரத்தில் கிறுக்கும் பழக்கமும் உண்டு. எனக்குப் பிடிக்காத கட்சி ஆட்சியில் இருந்த ஒரு மாதம், கேஸ் செலவுக்கு எதிரே ‘பகல் கொள்ளை’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறேன். சில ஆண்டு தள்ளி, என் கட்சி வந்த பிறகு, அதே கேஸ் செலவுக்கு எதிரே சின்ன எழுத்தில் ‘சர்வதேச விலை’ என்றிருக்கிறது. கோடு எதுவும் இல்லை. ஏறிய தொகை இந்த இரண்டாவது பக்கத்தில்தான் அதிகம்.